ஒரு வருடம் ஓடாமல் கிடக்கப்போகும் பெட்ரோல் ஜெனரேட்டரை எப்படி எடுத்து வைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று, கயிறு இழுத்தும் ஸ்டார்ட் செய்யலாம், பேட்டரியிலும் செய்யலாம், இனிக் குறைந்தது ஒரு வருடத்துக்கு அதற்கு வேலை இல்லை. டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்கக் கலக்கும் ஸ்டேபிலைசர் திரவத்தை ஊற்றி வை என்கிறார் ஒருவர், சொட்டுகூட இல்லாமல் காலி செய் என்கிறார் இன்னொருவர், மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓட்டினால் போதும் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

காலி செய்யுங்கள். ஆனால் காலி செய்வது என்றால் பலர் டேங்கை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள், கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. டேங்கில் இருக்கும் பத்துப் பதினைந்து லிட்டரைவிட, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அடியில் தொங்கும் சின்னக் கிண்ணத்தில் தங்கிவிடும் சில ஸ்பூன் பெட்ரோல்தான் மெஷினை முடக்கும். மற்ற வேலைகள் எல்லாம் முக்கியம்தான், ஆனால் நேரம் இல்லை, ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் அந்தக் கிண்ணத்தைக் காயவிடுங்கள்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை, எளிதில் ஆவியாகும் லேசான பகுதிகளும் கனமான பகுதிகளும் கலந்த கலவை. லேசானவை முதலில் பறந்துவிடும், குளிர்ந்த இன்ஜினைப் பற்றவைக்க உதவுவதும் அவைதான். மிச்சம் இருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும். மூடி இறுக்கமாக இருக்கும் பெரிய டேங்கில் இது மெதுவாக நடக்கும், ஆனால் கார்புரேட்டர் கிண்ணத்துக்குக் காற்றுத் துவாரம் உண்டு, அதில் இருப்பதும் கொஞ்சம், ஆகவே ஒன்றிரண்டு மாதத்திலேயே நிறம் மாறி, ஒட்டும் படலமாகி, பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளான மெயின் ஜெட்டிலும் அதைவிடச் சின்ன பைலட் ஜெட்டிலும் போய் உட்கார்ந்துவிடும். இந்த அளவு இன்ஜினில் மெயின் ஜெட்டின் துளையே 1 மி.மீ.க்குக் கீழ்தான், பைலட் ஜெட் அதில் பாதியோ அதற்கும் கீழோ. அதில் மெல்லிய படலம் படிந்தாலே போதும். சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும், அல்லது வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சிரைக்கும். இந்த இரண்டு அறிகுறிகளில் ஒன்றைப் பார்த்தாலே ஜெட் அடைத்திருக்கிறது என்று முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் தன் அளவில் சுமார் அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும், அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கிலிருந்து டியூப் கிளம்பும் இடமும் அடிதான், ஆக இன்ஜினுக்குப் போவது முதலில் அந்தக் கலவைதான். கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி தெரிவது இந்த அரிப்புதான். ஒருமுறை பிரிந்த பெட்ரோலை எந்த ஸ்டேபிலைசரும் மறுபடி சேர்க்காது. ஸ்டேபிலைசர் புதுப் பெட்ரோல் பழசாவதைத் தள்ளிப்போடும் மருந்து, பழசைப் புதுசாக்கும் மருந்து இல்லை. டேங்கில் ஏற்கெனவே ஆறு மாதமாகக் கிடப்பதன்மேல் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், அது வீண் செலவு.

சரி, வேலைக்கு வருவோம். வரிசை முக்கியம், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது சரியாக அமையும்.

முதலில் வெளியே, திறந்த இடத்தில் வைத்து, ஏதாவது லோடு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். கடைசி ஓட்டம்தானே என்று கதவைத் திறந்துவைத்து ஷெட்டுக்குள்ளேயே ஓட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை வெளிப்பக்கம் போகும்படி வையுங்கள். இந்த ஓட்டத்திலேயே வோல்டேஜ் சரியாக இருக்கிறதா, ஏதாவது அதிர்வு, கசிவு, புதுச் சத்தம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழுதோடு எடுத்து வைத்தால் ஒரு வருடம் கழித்து அது முன்பே இருந்ததா கிடந்ததில் வந்ததா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

நிறுத்திவிட்டு, ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள், கை பொசுங்கும் சூடு வேண்டாம், நன்றாக ஓடும் அளவு சூடு போதும். ஆயில் இன்னும் கறுக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஓடிய ஆயிலில் எரிந்த பெட்ரோலின் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், அதோடு ஒரு வருடம் ஊறினால் பேரிங்கும் சிலிண்டர் சுவரும் அரிக்கும். புது ஆயில் ஊற்றி அளவுகோலில் சரிபாருங்கள். இந்த அளவு மெஷின்கள் பெரும்பாலும் அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் நடுவில்தான் குடிக்கும், கிரேடு பல மாடல்களில் 10டபிள்யூ-30, உங்கள் கையேட்டில் வேறு போட்டிருந்தால் அதுதான் சரி. பெட்ரோலை வடிப்பதற்கு முன்பே ஆயிலை மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அடுத்து கிண்ணத்தைக் காலி செய்ய இன்ஜினை மறுபடி ஓட்டப்போகிறோம், அப்போது புது ஆயில் உள்ளே எல்லா இடத்திலும் பரவிவிடும்.

இப்போது இன்ஜின் முழுக்க ஆறட்டும். சைலன்சர் சூடாக இருக்கும்போது பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். ஆறியதும் டேங்கிலிருந்து பெட்ரோலை கைப்பம்பால் உறிஞ்சியோ, டியூபைக் கழற்றி வடித்தோ எரிபொருளுக்கான கேனில் எடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் வேண்டாம், யாராவது தண்ணீர் என்று நினைத்துவிடுவார்கள், சில பிளாஸ்டிக்கைப் பெட்ரோல் கரைத்தும்விடும். எடுத்தது புதுசாக, தெளிவாக இருந்தால் கார், பைக்கில் ஊற்றிவிடலாம். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். பெட்ரோல் டேப்புக்கு அடியில் குட்டிக் கண்ணாடிக் கிண்ணமோ வடிகட்டியோ இருந்தால் அதையும் திறந்து துடைத்துவிடுங்கள், தண்ணீரும் தூசும் முதலில் சேர்வது அங்கேதான்.

டேப்பைத் திறந்தபடியே வைத்து, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலையக் கொஞ்சம் விட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். லோடு எதுவும் இருக்கக் கூடாது, சர்க்யூட் பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். பெட்ரோல் தீரும்போது வேகமும் வோல்டேஜும் தள்ளாடும், அதில் மாட்டியிருக்கும் சாதனம் கெட்டுப்போகலாம், ஜெனரேட்டருக்கும் அது நல்லதில்லை, காரணம் பின்னால் வருகிறது. நிற்கப்போகிற மாதிரி திணறும்போது சோக்கை இழுத்தால் இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு ஓடும்.

பெரும்பாலானவர்கள் இதோடு முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். முடியவில்லை! ஜெட் உறிஞ்சும் மட்டத்துக்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் இன்ஜின் நின்றுவிடும், ஆனால் கிண்ணத்தின் அடியில் ஒரு குட்டை நிற்கும். அந்தக் குட்டைதான் நான் முதலில் சொன்ன எமன். கிண்ணத்தின் அடியிலோ சாய்வாகப் பக்கத்திலோ ஒரு சின்ன டிரெயின் ஸ்குரூ இருக்கும், இன்ஜின் ஆறியபின் கீழே ஏதாவது தட்டு வைத்துவிட்டு அதைத் தளர்த்துங்கள், வடியும். நடுவில் இருக்கும் பெரிய போல்ட் கிண்ணத்தையே பிடித்திருப்பது, அதைக் கழற்றினால் கிண்ணமே கையோடு வந்துவிடும். அதுவும் தப்பில்லை, உள்ளே துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம், ரப்பர் வளையம் நசுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பேட்டரி ஸ்டார்ட் உள்ள சில மாடல்களில் அந்த நடு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் வரும் சாலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) இருக்கும், அதை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், டிரெயின் ஸ்குரூவை மட்டும் பாருங்கள். வடிந்தபின் ஸ்குரூவை இறுக்கி, டேப்பை மூடுங்கள்.

டேங்கைக் காலி செய்வதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரும்பு டேங்க் வெறுமையாக ஈரக்காற்றில் கிடந்தால் உட்புறம் துரு பிடிக்கும், நிரம்பியிருந்தால் பிடிக்காது. அதனால் இரும்பு டேங்க் என்றால், வடித்தபின் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி, மெஷினைச் சாய்க்காமல் டேங்க் சுவர்களில் படும்படி ஒரு நீளக் கம்பியில் சுற்றிய துணியால் பூசிவிடுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் ஃபாகிங் ஆயில் ஸ்பிரேயை அடியுங்கள். திரும்ப எடுக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி ஊற்றிவிட்டால் சரி. பிளாஸ்டிக் டேங்குக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. நிரப்பித்தான் வைப்பேன் என்றால் எத்தனால் இல்லாத புதுப் பெட்ரோல் கிடைக்க வேண்டும், ஸ்டேபிலைசரைக் கலந்துவிட்டு அது கார்புரேட்டர்வரை போக ஒரு பத்து நிமிடம் ஓட்ட வேண்டும், அப்புறம் டேப்பை மூடி, கிண்ணத்தை மேலே சொன்ன மாதிரியே வடிக்க வேண்டும். அதோடு, நிறைந்த டேங்கை வீட்டோடு ஒட்டிய அறையில், அணையாத சுடர் உள்ள ஹீட்டர், அடுப்பு பக்கத்தில் வைக்கவே கூடாது. இவ்வளவு நிபந்தனைக்கு எனக்குக் காலி டேங்கே எளிதாகப் படுகிறது.

அடுத்து சிலிண்டர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், ஒரு மேசைக்கரண்டி சுத்தமான இன்ஜின் ஆயிலைத் துளையில் விடுங்கள், துளைமேல் துணி போட்டுக்கொண்டு கயிற்றை மெதுவாகச் சில தடவை இழுங்கள். அப்போது ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும், பிளக் ஒயர் துளைப் பக்கமே வராமல் ஒதுங்கி இருக்கட்டும், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி வேண்டாம். ஆயில் சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் ரிங்கிலும் படலமாகப் படிந்தபின் பிளக்கை மாட்டி, கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள், ஒரு இடத்தில் கனமாக எதிர்க்கும், அங்கே நிறுத்துங்கள். அது அமுக்க ஸ்ட்ரோக், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், சைலன்சர் வழியாகவும் ஏர் ஃபில்டர் வழியாகவும் வரும் ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. காசு செலவில்லாத வேலை, ஆனாலும் பாதிப்பேர் செய்வதில்லை.

ஏர் ஃபில்டர் ஃபோம் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, ஆயில் தோய்த்துப் பிழிந்து மாட்டுங்கள். காகிதம் என்றால் தட்டிவிடுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். லெட் ஆசிட் என்றால் முழுக்க சார்ஜ் செய்து வையுங்கள், ஓய்வில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும், ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். அது தானாகவே இறங்கும், இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுப் பேட்டரி போய்விடும். லித்தியம் என்றால் முழுக்க ஏற்றாமல் பாதிக்குச் சற்று மேலே விட்டு வைப்பது நல்லது. யாரும் கவனிக்க முடியாத இடத்தில் மெஷின் இருந்தால் பேட்டரியை மட்டுமாவது உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், கயிறு இருக்கிறதே, அது இல்லாமலும் ஸ்டார்ட் ஆகும்.

இதுவரை சொன்னது இன்ஜின். ஜெனரேட்டரில் பாதி மின்சாரப் பக்கம், அதை ஏனோ யாரும் பேசுவதில்லை. உங்களுடையது இன்வெர்ட்டர் மாடலாக இல்லாமல், கார்பன் பிரஷும் ஏவிஆரும் (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) உள்ள வழக்கமான மாடல் என்றால் இதைக் கவனியுங்கள். உள்ளே சுற்றும் பாகமான ரோட்டரின் இரும்பில் மிச்சமாகக் கொஞ்சம் காந்தசக்தி தங்கியிருக்கும். சுற்ற ஆரம்பித்ததும் அந்த மிச்சக் காந்தம்தான் முதல் சில வோல்ட்டை உண்டாக்கும், அதை ஏவிஆர் எடுத்து ரோட்டர் காயிலுக்கே ஊட்டும், காந்தம் வலுக்கும், வோல்டேஜ் முழு அளவுக்கு ஏறும். பல மாதம் சும்மா கிடந்தால் இந்த மிச்சக் காந்தம் குறைந்துவிடலாம். லோடு மாட்டியபடியே பெட்ரோல் தீர்ந்து நின்றாலும் போய்விடலாம், மேலே பிரேக்கரை அணைக்கச் சொன்னது அதற்காகவும்தான். போய்விட்டால் இன்ஜின் அழகாக ஓடும், வோல்ட்மீட்டர் மட்டும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். உடனே காயில் எரிந்துவிட்டது என்று புது ஆல்டர்னேட்டர் விலை விசாரிக்க வேண்டாம். ஏவிஆர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளஸ் மைனஸ் மாறாமல், பிரஷ்கள் வழியாக 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடி காட்டினால் காந்தம் திரும்பும். தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது, ஆனால் சின்ன வேலை. பிரஷ் உரசும் உலோக வளையமான ஸ்லிப் ரிங்கில் பச்சை பூத்தோ பிரஷ் ஒட்டிக்கொண்டோ இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் இந்தக் கதையே இல்லை.

வைக்கும் இடம்: மேலே கூரை, கீழே ஈரம் ஏறாதபடி மரக்கட்டையோ பலகையோ, சுற்றிலும் கொஞ்சம் காற்று. வைக்கும்போதும் நகர்த்தும்போதும் நேராகவே வையுங்கள், பக்கவாட்டில் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்கும் ஏர் ஃபில்டருக்கும் போய்விடும். பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து அந்த ஈரம் காயிலிலேயே இறங்கும், அதைவிடக் காற்றுப் போகும் துணி உறை நல்லது. எலி பெரிய வில்லன். இன்ஜினின் ஃபேன் கூண்டு அதற்குத் தொட்டில் மாதிரி, உள்ளே பஞ்சும் காகிதமும் கொண்டுபோய்க் கூடு கட்டி, போகும் வழியில் ஒயரையும் கடித்து வைக்கும். சைலன்சர் வாயை, காற்று உறிஞ்சும் துவாரங்களை மெல்லிய கம்பி வலையால் மூடுங்கள். துணி திணித்தால், திணித்திருக்கிறேன் என்று ஸ்டார்ட் ஸ்விட்ச் மேலேயே ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அந்தச் சீட்டிலேயே தேதி, ஆயில் மாற்றியது, டேங்க் காலி, சிலிண்டரில் ஆயில் விட்டது எல்லாம் எழுதிவிடுங்கள், ஒரு வருடம் கழித்து எடுப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

மாதம் ஒருமுறை ஓட்டும் யோசனை தப்பில்லை, இரண்டு நிமிடம் என்பதுதான் தப்பு. பொறுப்பான ஆள் ஒருவர் மாதாமாதம் அரை லோடு போட்டு இருபது முப்பது நிமிடம் ஓட்டுவார், பெட்ரோலையும் மாற்றிக்கொண்டே இருப்பார் என்றால் அதைவிட நல்லது இல்லை, காந்தமும் தங்கும், காயிலும் காயும். எந்த நேரமும் தேவைப்படலாம் என்று வைத்திருக்கும் மெஷினுக்கு அதுதான் முறை. லோடு இல்லாமல் இரண்டு நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால் இன்ஜின் சூடேறாது, எரிந்ததில் வந்த தண்ணீர் ஆயிலிலேயே தங்கும், கிண்ணத்திலும் மறுபடி பெட்ரோல் நிறைந்துவிடும். பாதுகாப்பு என்ற பெயரில் எல்லாக் கெடுதலையும் மாதாமாதம் புதுப்பிக்கிற வேலை. ஒன்று ஒழுங்காக ஓட்டுங்கள், இல்லை ஒழுங்காகத் தூங்கவிடுங்கள்.

கேஸிலும் பெட்ரோலிலும் ஓடும் மாடல் வைத்திருப்பவர்களுக்கு: கேஸ் பழசாகாது, சிலிண்டரை மூடிக் கழற்றி வைத்தால் போதும், ஆனால் எப்போதாவது ஒருமுறை பெட்ரோலில் ஓட்டியிருந்தாலும் கிண்ணத்தில் அது இருக்கும், வடியுங்கள். டீசல் என்றால் கணக்கே வேறு, அங்கே டேங்க் நிறைந்திருப்பதுதான் நல்லது. காலியிடத்தில் ஈரம் வேர்த்துத் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

திரும்ப எடுக்கும் நாளில் அவசரம் வேண்டாம். சீட்டைப் படித்து, வலையையும் துணியையும் எடுத்து, ஃபேன் கூண்டில் எலிக் கூடு இல்லை என்று உறுதிசெய்து, ரப்பர் டியூப் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, ஸ்விட்ச் ஆஃபிலேயே கயிற்றைச் சில தடவை இழுத்து மிச்ச ஆயிலை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். ஆயில் அளவு, புதுப் பெட்ரோல், கசிவு பார்த்தபின் வெளியே வைத்து ஸ்டார்ட். முதல் சில நிமிடம் நீலமும் வெள்ளையுமாகப் புகை வரும், நீங்கள் விட்ட ஆயில்தான் எரிகிறது, பயப்பட வேண்டாம். லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓடட்டும், உள்ளே சுற்றும் சூடான காற்றில் காயில் கொஞ்சம் உலரும். அப்புறம் வோல்டேஜைப் பாருங்கள், மெஷின் முகப்பில் எழுதியிருக்கும் அளவை ஒட்டி அசையாமல் நின்றால் சின்ன லோடிலிருந்து ஆரம்பித்து ஏற்றலாம். ரொம்ப ஈரமான இடத்தில் கிடந்திருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் ஏவிஆரைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (காயிலின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காயவைக்காமல் ஓட்டக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு வேகம் ஏறி இறங்கினால் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்குரூவைத் திருகி வேகத்தைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வழக்கமான ஏவிஆர் மாடலில் இன்ஜின் வேகம்தான் ஃப்ரீக்வென்சி, 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று, 60க்கு 3600. அடைத்த ஜெட்டோடு ஸ்குரூவைத் திருகி ஓட்டினால், ஜெட் திறந்துகொண்ட நாளில் வேகம் எகிறி மாட்டியிருக்கும் சாதனங்கள்தான் அடிவாங்கும்.